ஒத்திகைப் பெட்டி

“வெறும் தண்ணிதானே தங்கச்சி? அதுல ஒரு குப்பி குடுத்தா என்ன குறைஞ்சிரும்?” என்று கேட்டார் அழகர். முன்னாள் பிரதேச சபை உறுப்பினர். குண்டசாலையில் இரண்டு கடைகளுக்கு முதலாளி.

சுகிர்தா குளிர்ப்பெட்டியின் மேல் வைத்த கையை எடுக்கவில்லை.

புதிய காய்ச்சல் ஒன்று நாட்டுக்குள் பரவினால் தடுப்பூசியை யாருக்கு முதலில், எப்படிக் கொடுப்பது என்று கொழும்பில் திட்டம் போட்டிருந்தார்கள். அதற்கான ஒத்திகை இன்று இந்த மண்டபத்தில். மருந்துக்குப் பதில் தண்ணீர் நிரப்பிய குப்பிகள். மேற்பார்வைக் குழு வந்த பிறகுதான் முத்திரையை உடைக்கவேண்டும். முதலில் தாதிமார், அடுத்து நோயாளிகள், கர்ப்பிணிகள். அழகர் இதில் எதுவும் இல்லை. சுகிர்தாவின் களஞ்சிய வேலை நிரந்தரமாவது இன்றைய ஒத்திகையைப் பொறுத்திருந்தது.

“உங்க முறை வரல்ல ஐயா.”

“தண்ணிக்கும் முறையா?”

“தண்ணிக்கும் முறைதான்.”

அழகர் வாசலில் நின்றவர்களிடம் திரும்பினார். “தண்ணியா இருந்தா குடுத்திருப்பாளே! குடுக்க மாட்டேங்கிறான்னா என்ன அர்த்தம்?”

கொஞ்ச நேரத்தில் வாசல் நிறைந்தது. சுகிர்தா ஓர் அட்டையில் கொட்டை எழுத்தில் எழுதித் தொங்கவிட்டாள்: இங்கே தடுப்பூசி இல்லை.

மடவளை பஸ்ஸிலிருந்து இறங்கிய கைரியா அதை வாசித்தாள். “தட்டுப்பாடு நேரம், பால்மா இல்லண்டு எழுதின கடைக்குள்ளதானே பால்மா ஒளிச்சு வெச்சீந்திச்சு!” என்றபடி வரிசையில் சேர்ந்து, தங்கைக்கும் போன் எடுத்தாள்.

சுகாதார அதிகாரி டொக்டர் கிருஷ்ணராஜ் ஒலிபெருக்கியைக் கையில் எடுத்தார். “பயப்பட வேண்டாம். எந்தக் காய்ச்சலும் வரவில்லை. எல்லோரும் வீட்டுக்குப் போங்கள்.”

பயப்பட வேண்டாம் என்று அரசாங்கத்தில் யாராவது சொன்னால் என்ன செய்யவேண்டும் என்பது மக்களுக்குத் தெரியும். முச்சக்கர வண்டிகள் குடும்பம் குடும்பமாகக் கொண்டுவந்து இறக்கின.

“முதியவர்களுக்குத் தனி வரிசை!” என்று அடுத்து அறிவித்தார் டொக்டர். மொத்தக் கூட்டத்துக்கும் ஒரே நொடியில் வயதாகிவிட்டது.

கதவு ஆடத் தொடங்கியது. டொக்டர் உள்பக்கம் திரும்பினார்.

“சுகிர்தா, பெட்டியத் தெறங்க. அழகருக்கு ஒன்னு குடுத்து அனுப்புங்க, கொண்டுபோய் ஷோகேஸ்ல வைக்கட்டும். அவர் போனா பாதிக் கூட்டம் போயிரும். குழு வர்ற நேரம்.”

“மாட்டேன் சேர்.”

“தண்ணிம்மா அது!”

“தெரியும் சேர். ஒத்திகையில அவருக்குக் குடுத்தா, நெசமா வர்றப்பவும் அவருக்குத்தான் குடுப்போம். அதைத்தானே ஒத்திகை பார்த்திருப்போம்?”

“உங்க வேலை போயிரும்.”

“போகட்டும். பெட்டி போகாது.”

அவள் பெட்டியின் மேலேயே ஏறி உட்கார்ந்தாள். அழகர் ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி அவளை முறைத்தார். அவளும் முறைத்தாள். முதலில் கண்ணைத் தாழ்த்தியது அவர்தான்.

அப்போது பின்கதவைத் தள்ளிக்கொண்டு, காலையில் பெட்டியை இறக்கிவிட்டுப் போன சாரதி ருஷ்தி மூச்சிரைக்க ஓடிவந்தான்.

“எழும்புங்க மிஸ்! ஒத்திகைத் தண்ணிய ஆஸ்பத்திரில மாறி எறக்கிட்டன், அந்தக் காய்ச்சலுக்கு அங்க தாதிமாருக்குப் போட வந்த நெசத் தடுப்பூசி நீங்க குந்தியிருக்கிற பெட்டிலதான் ஈக்குது!”