மணலில் தோற்ற மூன்று மொட்டைகள்

புத்தூர்,
ஞாயிற்றுக்கிழமை.

மரியாதைக்குரிய மச்சான் சின்னசாமி அவர்களுக்கு, தங்கள் தங்கை அம்சவேணியின் கணவன் முரளிதரன் வணக்கத்துடன் எழுதுவது. சித்தூரில் தாங்களும், அக்காவும், தங்கள் டயர் கடையும் சௌக்கியமாக இருக்க ஏழுமலையான் அருள் புரியட்டும். இங்கே நாங்களும் சௌக்கியம் என்று எழுதுவதுதான் முறை. இந்த ஒரு கடிதத்தில் மட்டும் அந்த முறையை மீறுகிறேன், மன்னிக்கவும். இதைப் போனிலேயே சொல்லக்கூடாதா என்பீர்கள். போனில் நான் ஆரம்பித்தாலே "சரி மாப்பிள, கஸ்டமர் வந்துட்டாரு" என்று வைத்துவிடுகிறீர்கள். கடிதத்துக்கு அந்த வசதி கிடையாது.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் மகன், உங்கள் அருமை மருமகன் நிதின் இந்தியாவுக்காக ஓட்டப்போன மணல் பைக் பந்தயத்தில் இந்தியா தோற்றுவிட்டது. போராடித் தோற்றது, நூலிழையில் தவறியது என்றெல்லாம் பேப்பரில் போடுவார்களே, அந்த ரகம் இல்லை. வந்த நாடுகளில் கடைசி. ஆகவே, பத்தாம் வகுப்பில் பாஸானான் என்று நீங்கள் வாங்கிக் கொடுத்து அவனைக் கெடுத்தீர்களே ஒரு பைக், அதை வரும் வெள்ளிக்கிழமைக்குள் டெம்போ கொண்டு வந்து நீங்களே எடுத்துப் போய்விட வேண்டும். பையன் இனிமேல் என்னோடு உரக்கடையில் உட்காருவான். இது முடிவான முடிவு. எப்படி இந்த முடிவுக்கு வந்தேன் என்பதை மட்டும் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

ரோடு போட்டு வைத்திருக்கும்போது ரோடே இல்லாத இடமாகத் தேடிப் போய் மேட்டிலும் பள்ளத்திலும் பைக்கோடு குதிப்பதற்குப் பெயர் மோட்டோகிராஸாம். அதையே மணலில் செய்தால் இன்னும் கௌரவமாம். ஐரோப்பாவில் கடலோரமாக ஒரு ஊர், பெயர் என் வாயில் நுழையவில்லை, அங்கே நாட்டுக்கு மூன்று பேர் வீதம் ஓட்ட வேண்டும். நம் நிதின், புனேயிலிருந்து ஒரு பையன், கொச்சியிலிருந்து ஒரு பையன் என்று மூவரைத் தேர்ந்தெடுத்தார்கள். மணலில் பழக வேண்டுமே, அதற்கு எங்கே போவது என்று யோசித்தவர்களிடம் காளஹஸ்தியில் சொர்ணமுகி ஆறு முழுக்க மணல்தான், தண்ணீர் தொந்தரவே இல்லை என்று நிதின் சொல்லியிருக்கிறான். உடனே மற்ற இருவரும் மூட்டை முடிச்சோடு என் வீட்டில் வந்து இறங்கினார்கள். நல்ல பையன்கள்தான், குறை சொல்லக்கூடாது. ஆனால் விடியற்காலையில் ஆற்றில் மூன்று பைக் உறுமினால் ஊர் என்ன நினைக்கும்? திருட்டு மணல் லாரிக்கு வேவு பார்க்கிறவர்கள் என்று நினைத்துப் பிடித்துப் போலீசில் கொடுத்துவிட்டார்கள். நான் கடையைச் சாத்திவிட்டு ஓடி, இவர்கள் மணலை எடுப்பவர்கள் இல்லை, மணலில் விழுபவர்கள் என்று எனக்குத் தெரிந்த தெலுங்கில் விளக்கி மீட்டுக்கொண்டு வந்தேன். ஸ்டேஷனை விட்டு வெளியே வரும்போது அந்த ஏட்டு என் மகனோடு செல்ஃபி எடுத்துக்கொண்டார் என்பது வேறு விஷயம்.

இப்போது உங்கள் தங்கை விஷயத்துக்கு வருகிறேன். அணியில் இடம் கிடைத்தால் பையனுக்குத் திருமலையில் மொட்டை போடுவதாக இவள் வேண்டிக்கொண்டிருக்கிறாள். இடம் கிடைத்துவிட்டது, எனவே முடி பாக்கி. "சாமிக்குச் சொன்னத பாக்கி வச்சிக்கினு கடல் தாண்டக் கூடாதுங்க" என்று ஒரே பிடிவாதம். நிதினோ, "வந்து போட்டுக்கறேன் நைனா, ஹெல்மெட்டுக்கெல்லாம் அளவு எடுத்துக்கினு போய்ட்டாங்க" என்றான். அவன் தலைதான் உங்களுக்குத் தெரியுமே, சீப்பு உள்ளே போனால் திரும்பி வராது. முடிதானே போகிறது, தலை அப்படியே தானே இருக்கப்போகிறது, இதில் அளவு எங்கே மாறுகிறது என்று நான் கேட்டேன். இன்றுவரை அந்தக் கேள்வியில் தப்பு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

எல்லோருமாக மலைக்குப் போனோம். முடியெடுக்கும் கல்யாணக்கட்டாவில் நிதின் தலையைக் குனிந்து உட்கார்ந்ததும் மற்ற இரண்டு பேரும் வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றார்கள். இரண்டு பேருக்கும் தோள்வரை முடி. இவ்வளவு தூரம் வந்து சும்மா திரும்புவதா, மூவரும் ஒரே அணிதானே, ஒருத்தன் கொடுத்து இரண்டு பேர் கொடுக்காமல் போனால் சாமி என்ன நினைப்பார் என்று ஒரு பேச்சுக்குச் சொன்னேன். பெரியவர் சொல்கிறாரே என்று இருவரும் உட்கார்ந்துவிட்டார்கள். நீங்களும் உட்காருங்கள் நைனா என்று நிதின் என்னைக் கூப்பிட்டான். மீசையையும் எடுத்து மொட்டையும் அடித்தால் கடைக்கு வருகிறவர்களுக்கு அடையாளம் தெரியாது, வேறு யாரோ கடையை வாங்கிவிட்டார்கள் என்று திரும்பிப் போய்விடுவார்கள், வியாபாரம் என்று ஒன்று இருக்கிறது என்று சொல்லி மறுத்துவிட்டேன். மூன்று பேரும் தலையில் சந்தனத்தோடு தரிசனம் முடித்து, லட்டு வாங்கி, அங்கிருந்து நேராக விமானம் ஏறினார்கள்.

பந்தயத்தன்று சாயங்காலம் எங்கள் கடை குடோன் சுவரில் புரொஜெக்டர் போட்டேன். தெருவே கூடிவிட்டது. நிதின் படம் போட்டு ஒரு ஃபிளெக்ஸ் வேறு கட்டியிருந்தேன், முடியோடு இருந்த படம். வார்டு உறுப்பினர் பந்தயம் தொடங்கும் முன்பே வெற்றிக்குப் பாராட்டுரை வழங்கினார், அதில் என் பெயரை இரண்டு தடவை சொன்னார். கொடி அசைந்தது. முதல் மேட்டில் குதித்தார்கள். மச்சான், முடி போன தலையில் தொளதொளவென்று ஆகிவிட்ட மூன்று ஹெல்மெட்டும் ஒன்றாக முன்னால் சரிந்து மூன்று பேர் கண்ணையும் மூடின. கையால் தூக்கிவிட்டுக்கொண்டு ஓட்டினார்கள். அடுத்த மேட்டில் மறுபடி சரிந்தன. ஒவ்வொரு மேட்டிலும் இவர்கள் தலை கவிழ்வதைப் பார்த்து, மணலை வணங்குவது இந்திய வழக்கமா என்று அந்த வெள்ளைக்கார வர்ணனைக்காரன் கேட்டதாக எதிர்வீட்டு பாலையா மொழிபெயர்த்தார். அவரை யார் மொழிபெயர்க்கச் சொன்னது? முன்னால் போகிறவன் சக்கரம் வாரி இறைக்கிற மணல் முழுக்க அந்த இடைவெளி வழியாக உள்ளே போய், புனே பையன் வழி தெரியாமல் பந்தயப் பாதையை விட்டு சாப்பாட்டுக் கடைகள் பக்கம் போய்விட்டான். கொச்சிப் பையன் விழுந்து தோள்பட்டை எலும்பை முறித்துக்கொண்டான். நம் ஆள் நடுவழியில் பைக்கை நிறுத்தி, போட்டிருந்த பனியனைக் கழற்றி ஹெல்மெட்டுக்குள் திணித்துக்கொண்டிருந்தான். அவனைத் தாண்டி எல்லா நாடும் போய்விட்டது. தெருவில் ஒருவர் பின் ஒருவராக எழுந்து, அடுப்பில் பால் வைத்திருப்பதாகச் சொல்லிக் கிளம்பினார்கள். அத்தனை வீட்டிலும் ஒரே நேரத்தில் பால் காயுமா?

நான் மட்டும் உட்கார்ந்திருந்தேன். பரிசு கொடுக்க மேடை போட ஆரம்பித்த பிறகும் நிதின் ஓட்டிக்கொண்டிருந்தான். கடைசி மேட்டில் சக்கரம் பாதி புதைந்துவிட்டது. இறங்கித் தள்ளினான், விழுந்தான், மறுபடி தள்ளினான். கோடு தாண்டும்போது அவனைப் பார்க்க அங்கே ஆள் இல்லை. அதுவரை புரொஜெக்டரை அணைக்காமல் நான் ஒருத்தன்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். உங்களுக்கென்ன, பைக் வாங்கிக் கொடுப்பதோடு வேலை முடிந்தது.

இதோடு போகவில்லை. அணி மேனேஜர் மூன்று பேரையும் தனித்தனியாகக் கூப்பிட்டு, தோல்விக்கு யார் காரணம் என்று விசாரித்திருக்கிறாராம். அதில் என் பெயர்தான் அடிபட்டிருக்கும். ஒரு நாட்டையே மொட்டையடித்துத் தோற்கடித்தவன் என்று என்னைப் பேப்பரில் போடப்போகிறார்கள். போன் அடித்தால் எடுப்பதில்லை. நிதின் நேற்றுத்தான் திரும்பி வந்தான், விசாரணையில் என்ன சொன்னாய் என்று கேட்டால் பைக்கைத் துடைக்கப் போய்விடுகிறான். கூடவே அந்தக் கொச்சிப் பையனும் வந்திருக்கிறான். எலும்பு முறிந்தால் உலகத்திலேயே புத்தூர் கட்டுதான் என்று நான் முன்பு பெருமையடித்ததை நம்பி, அங்கே ஆபரேஷன் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தானாம். என் வாய் எனக்கு எப்படியெல்லாம் எதிரியாகிறது பாருங்கள். உங்கள் தங்கையோ அவனுக்கு ஆட்டுக்கால் சூப் வைத்துக்கொண்டிருக்கிறாள், என்னோடு பேசுவதில்லை. வேண்டுதல் அவளுடையது, கோபம் என் மேல்.

ஆக, டெம்போ, வெள்ளிக்கிழமை. மறந்துவிட வேண்டாம். வீட்டுப் பெரியவர்களுக்கு என் நமஸ்காரம், பிள்ளைகளுக்கு என் ஆசி. அவர்களில் யாராவது பைக் கேட்டால் அந்தப் பிள்ளைக்கு மட்டும் ஆசி கிடையாது.

இப்படிக்கு,
மனம் நொந்த
முரளிதரன்.

பின்குறிப்பு: இதைத் தபாலில் சேர்க்காமல் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே திரிந்ததில் புதன்கிழமை ஆகிவிட்டது. நேற்று முன்தினம் கொச்சிப் பையனைக் கட்டுப் போட அழைத்துப் போனேன். பச்சிலை அரைத்துப் பூசி மூங்கில் பட்டை வைத்துக் கட்டும்போது அவன் வலியை மறக்கட்டும் என்று பேச்சுக் கொடுத்து, விசாரணையில் என்னைப் பற்றி என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன். மூவருமே, மணல் பழக்கம் போதவில்லை என்ற ஒரே பதிலைத்தான் சொன்னார்களாம். மொட்டையைப் பற்றி மூச்சு விடவில்லை. ஏன் மறைத்தீர்கள் என்றேன். அந்தப் பையன் இங்கே கற்றுக்கொண்ட நம்ம ஊர்ப் பேச்சிலேயே, "உங்க வீட்டுல துன்னுக்கினு உங்களையே மாட்டி வுடறதா அங்கிள்?" என்றான். நான் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். கட்டுக்காரர், வலி அவனுக்கா உங்களுக்கா என்று கேட்டார்.

பழக்கம் போதவில்லை என்று சொன்னதால், மூன்று பேரும் இன்னும் கொஞ்ச காலம் மணலில் பழகட்டும், பிறகு தேர்வு வைத்து அடுத்த வருஷ அணியை முடிவு செய்யலாம் என்று மேனேஜர் சொல்லிவிட்டாராம். எனவே டெம்போ வேண்டாம். பைக் இங்கேயேதான் இருக்கும், அதன் மேல் கை வைக்காதீர்கள். மணலுக்கென்றே துடுப்புத் துடுப்பாக வெட்டிய டயர் ஒன்று இருக்கிறதாமே, உங்கள் கடையில் இருந்தால் வெள்ளிக்கிழமை வரும்போது கொண்டு வாருங்கள். மூன்று பேரும் மறுபடி அணிக்குத் தேர்வானால் முடி கொடுப்பதாக இந்த முறை நானே வேண்டிக்கொண்டேன். பையன்கள் தலை பக்கம் போவதாக இல்லை, என் தலைதான். தேர்வுக்கு இன்னும் நாள் இருக்கிறது, ஆனாலும் சாமி பாக்கியை வைத்துக்கொண்டு எனக்குத் தூக்கம் வரவில்லை. இன்று காலை முதல் பஸ்ஸில் மலைக்குப் போய் முன்கூட்டியே கொடுத்துவிட்டு வந்தேன். ஆகையால் வெள்ளிக்கிழமை உரக்கடை வாசலில் மீசையில்லாத ஒரு மொட்டைத் தலையன் நின்றால், முரளிதரன் கடையை யாருக்கு விற்றார் என்று அவனிடம் கேட்காதீர்கள். இன்று மத்தியானத்திலிருந்து அதற்குப் பதில் சொல்லியே ஓய்ந்துவிட்டேன்.