ஒரே சிஸ்டம் குடும்பம்

நான்கு போன்கள் ஒரே நேரத்தில் அலறின. தீயணைப்பு வண்டி ஹாலுக்குள்ளேயே புகுந்துவிட்டதோ என்று என் அண்ணன் சோபாவிலிருந்து எழுந்தே விட்டார்.

“பயப்படாதீங்க,” என்றார் வருங்காலச் சம்பந்தியம்மா, தம் போனைப் பார்த்தபடி. “பெரியவன் ஆபீஸை விட்டு வெளியே வந்துட்டான். எதுக்குன்னு தெரியல.”

உடனே மூத்த மகனுக்குப் போன் போட்டுக் கேட்டார். டீ குடிக்க வந்தானாம். அனுமதி வழங்கப்பட்டது.

உலகில் குடும்பங்கள் ஏராளம். ஆனால் முழுமையாக ‘ஒருங்கிணைக்கப்பட்ட’ குடும்பம் இது ஒன்றுதான். என் அண்ணன் மகளுக்காக அதைத் தேடிப் பிடித்த பெருமை அடியேனைச் சேரும். எப்பேர்ப்பட்ட முற்போக்காளர்கள்! பெண்ணின் நிறத்தைக் கேட்கவில்லை. சம்பளத்தைக் கேட்கவில்லை. சமைக்கத் தெரியுமா என்றுகூடக் கேட்கவில்லை. கேட்டது ஒன்றே ஒன்று:

“பொண்ணு போன்ல என்ன சிஸ்டம்?”

அங்கேதான் இடித்தது. எங்கள் பெண் பிசியோதெரபிஸ்ட். முட்டி மடங்காதவர்களையும் நடக்க வைப்பவள். ஆனால் அவள் போனில் ஓடுவது வேறு இயங்குதளம். அவர்கள் வீட்டுப் போன்களோடு அது ஒட்டாது, உறவாடாது. கல்யாணத்துக்கு முன் அவள் ‘மாறியாக’ வேண்டும். அதற்காகப் புதுப் போனையே டப்பாவோடு, ரிப்பன் கட்டிக் கொண்டுவந்திருந்தார்கள். எந்தச் சம்பந்தி செய்வார் இதை?

“நாங்க யாரையும் கட்டாயப்படுத்தறதில்ல,” என்றார் மாப்பிள்ளை. ஆடிட்டர், அளந்துதான் பேசுவார். “அவங்களா விரும்பி மாறணும். ஞாயித்துக்கிழமைக்குள்ள.”

“மாறினா என்ன ஆகும்?” என்றாள் பெண்.

“பாதுகாப்பு!” என்றார் சம்பந்தியம்மா. ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. “நீ எங்க இருக்கேன்னு எனக்குத் தெரியும். யார்கிட்ட என்ன பேசினே, எவ்வளவு நேரம் பேசினேன்னு தெரியும். வளவளன்னு இழுத்தா போனே கட் பண்ணிடும். காது கெடாது பாரு.”

மருமகளின் காது மேல் இவ்வளவு அக்கறையா! எனக்குக் கண் கலங்கிவிட்டது.

“சித்தப்பா, இவ்வளவு நல்லதுன்னா உங்க போனையும் மாத்திக்கலாமே?”

“எனக்கு எதுக்கும்மா? நான் என்ன அந்த வீட்டுக்கா வாழப் போறேன்?” என்றேன், நியாயமாக.

அண்ணன் மெல்லச் சம்பந்தியின் பக்கம் திரும்பினார். “உங்க அனுபவம் எப்படிங்க?”

அவர் மனைவியைப் பார்த்தார். பிறகு போனைப் பார்த்தார். “ரொம்பச் சௌகரியங்க. நான் எங்க இருக்கேன்னு நானே யோசிக்க வேண்டியதில்ல.”

“அப்போ நீங்க எங்க இருக்கீங்கன்னு நாங்களும் பாக்கலாமா அத்தை?” என்றாள் பெண்.

“அது எப்படி? தலைமைப் போனை யாரும் பாக்க முடியாது. அதானே சிஸ்டமே!”

தெளிவென்றால் இதுவல்லவா தெளிவு! அண்ணி தண்ணீர் கொண்டுவர எழுந்து போனார்.

சம்பந்தியம்மா பக்கத்திலிருந்த மூத்த மருமகளின் தோளைத் தட்டினார். “இதோ, இவளும் வந்த புதுசுல முறைச்சவதான். மாறினதும் பாருங்க, வாயே திறக்கறதில்ல.”

மூத்த மருமகள் புன்னகைத்தார். அமைதியின் உச்சநிலை அது. படம் பிடித்து மாட்டலாம்.

எங்கள் பெண்ணுக்கு மாப்பிள்ளையைப் பிடித்திருந்தது, சிக்கலே அதுதான். புதுப் போனைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், பெருமூச்சு விட்டாள். ‘போன்தானே, மாத்திட்டாப் போச்சு’ என்ற வார்த்தை உதடு வரைக்கும் வந்துவிட்டது. எனக்குத் தெரிந்தது.

சம்பந்தியம்மாவுக்கும் தெரிந்தது. “உள்ள கூட்டிட்டுப் போய் எப்படி மாத்தறதுன்னு சொல்லிக் குடும்மா,” என்று மூத்த மருமகளை ஏவினார்.

இருவரும் அறைக்குள் போனார்கள். அவர்கள் மறந்துவிட்டுப் போன ரிப்பன் டப்பாவைத் தூக்கிக்கொண்டு நானும் பின்னாலேயே போனேன். கதவு பாதி திறந்திருந்தது. ‘பயிற்சி’ தொடங்கியிருந்தது. மூத்த மருமகள் தம்முடைய போனைத் தலையணைக்கு அடியில் திணித்து, மேலே இன்னொரு தலையணையையும் வைத்து அழுத்தினார். என்னே தொழில்நுட்பத் தேர்ச்சி!

பிறகு எங்கள் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு கிசுகிசுத்தார்:

“உன் போனை ஒரு நிமிஷம் குடும்மா. எங்கம்மாகிட்ட பேசி ரொம்ப நாளாச்சு.”