இருபத்தொன்பதாம் எண் படத்துக்குப் பெயர் திருத்தம் வேண்டி

அன்புத் தங்கைக்கு,

அண்ணன் எழுதும் மடல். இங்கே என் இடது முழங்காலைத் தவிர அனைவரும் நலம். நீயும் மாப்பிள்ளையும் அவ்விடத்தில் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டுமென்று உன் அண்ணி தினமும் வேண்டிக்கொள்கிறாள். நீ வருஷா வருஷம் அனுப்பும் வாழ்த்து அட்டை வந்து சேர்ந்தது. 'நலம்' என்று ஒரே ஒரு சொல் எழுதியிருந்தாய். போன வருஷமும் அதேதான். எழுத்து மட்டும் கொஞ்சம் சாய்ந்திருக்கிறது, கண்ணாடியை மாற்ற வேண்டுமோ என்னவோ.

நிற்க. இது குசலம் விசாரிக்க எழுதும் கடிதம் அல்ல, முழுக்க முழுக்க ஆபீஸ் விஷயம். தேர்வுப் பிரிவில் இருந்த என்னைப் பல்கலைக்கழகத்தின் ஓவியச் சேகரிப்புக்கு ஸ்டோர் கீப்பராக மாற்றியதும், அங்கே பத்தொன்பது வருஷம் இருந்து போன வருஷம் ஓய்வு பெற்றதும் உனக்குத் தெரியாது. நீ கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. ஒரு காலத்தில் நம் பக்கத்து ஓவியர்கள், உன்னையும் சேர்த்துத்தான், முகம் மரம் வீடு எல்லாவற்றுக்கும் கும்பிடு போட்டுவிட்டு வெறும் நிறமும் கோடுமாகத் தீட்டித் தள்ளினீர்களே, அதில் நாற்பத்து மூன்று படங்கள் பழைய நூலகத்து மாடியில் மூன்று அறைகளில் இருக்கின்றன. மகானுபாவர்கள் ஒருத்தராவது படத்துக்குப் பெயர் வைத்தீர்களா என்றால் இல்லை. எல்லாமே 'தலைப்பில்லை', பக்கத்தில் ஒரு எண். தலைப்பில்லை பதினேழைக் கழற்றுங்கள் என்றால் தச்சர் ஏணியில் ஏறித் தலைப்பில்லை பதினொன்றைக் கழற்றிக்கொண்டு இறங்குவார், மறுபடியும் ஏறச் சொன்னால் எனக்கு ரெண்டு கால்தான் இருக்கு என்பார். அதனால் நானும் தச்சரும் கூட்டிப் பெருக்கும் அம்மாவும் எங்கள் சௌகரியத்துக்குப் பெயர் வைத்துக்கொண்டோம். பெரிய வெள்ளைப் படம் 'சலவை'. சிவப்புக் கீறல்கள் உள்ளது 'பல்வலி'. நடுவில் கறுப்பு வட்டம் உள்ளது 'தண்ணி போகல'. மறந்துவிடக் கூடாதே என்று பதிவேட்டிலும் எழுதி வைத்தேன்.

புதிதாக வந்த பொறுப்பாளர் அம்மா ஒரு கேட்லாக் அச்சடிக்க ஏற்பாடு செய்தார். டைப்பிஸ்ட் பதிவேட்டைப் பார்த்து அப்படியே அடித்துவிட்டாள். பிழை திருத்தியவர் எழுத்துப் பிழை இல்லை என்று கையெழுத்துப் போட்டார், அது உண்மைதானே. வெளியீட்டு விழாவில் துணைவேந்தர் 'பல்வலி' என்று கம்பீரமாக வாசித்துவிட்டு அவரையறியாமல் கன்னத்தைத் தடவிக்கொண்டார். ஒரு பேராசிரியர் 'தண்ணி போகல' படத்தை வைத்து, தேங்கிப்போன சமூகத்தைப் பற்றி நாற்பது நிமிஷம் பேசினார். தச்சர் பின்வரிசையில் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினார். கடைசியில் சிவப்புக் கீறல் படத்தை வரைந்த பெரியவரைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்தார்கள். எண்பத்து நாலு வயது. கேட்லாக்கைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் படித்தார், படத்தைப் பார்த்தார். நான் தூண் மறைவுக்கு நகர்ந்தேன். அவர் மெதுவாக, "இத வரையும்போது எனக்கு நெஜமாவே பல்வலிதான். உங்களுக்கு யார் சொன்னது?" என்று கேட்டார்.

அவர் ஒருத்தர் பரவாயில்லை, மற்றவர்கள் சும்மா இருப்பார்களா? புகார் மேல் புகார். கடைசியில் ஓவியர்களிடமே சரியான பெயரைக் கேட்டு வாங்கித் திருத்தச் சீட்டு ஒட்டுவதென்று முடிவாயிற்று, ஓய்வு பெற்ற என்னையும் வீட்டிலிருந்து இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள். நாற்பத்திரண்டு பேர் விஷயம் முடிந்தது. பாக்கி உன்னுடையது ஒன்றுதான், எண் இருபத்தொன்பது. முழுக்கச் சாம்பல் நிறம், வலது ஓரத்தில் மட்டும் ஒரு விரல் அகலத்துக்கு மஞ்சள். கேட்லாக்கில் முப்பத்தோராம் பக்கம். அதன் பெயர் 'வராதவள்' என்று அச்சாகிவிட்டது. அதுவும் டைப்பிஸ்ட் செய்த கோளாறுதான். நீ தப்பாக எடுத்துக்கொள்ளாதே.

விதிப்படி ஓவியர் நேரில் வந்து, படத்தின் முன்னால் நின்று, இது என் படம்தான் என்று சொல்லிக் கையெழுத்திட வேண்டும். நான் என்ன செய்ய, விதி அப்படி. பத்து நிமிஷ வேலை. வந்த கையோடு நீ திரும்பிப் போனாலும் யாரும் தடுக்கப் போவதில்லை. நம் வீட்டில் தங்கித்தான் ஆக வேண்டும் என்றும் இல்லை, மாடி அறைக்கு அண்ணி புது வெள்ளை அடித்திருப்பது வேறு காரணத்துக்காக.

இவ்வளவு எழுதியபின் அதையும் எழுதிவிடுகிறேன். அந்தப் படம் முதல்முதலாக மாட்டப்பட்ட அன்று, நீ புதுப் புடவை கட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றாய். நான் அத்தனை பேர் நடுவில், "மீதிய எப்போ வரையப் போறே பாப்பா?" என்று கேட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். நீ சிரிக்கவில்லை. அடுத்த மாசமே வேலை கிடைத்தது என்று கிளம்பிப் போனாய், இருபத்தாறு வருஷம் ஆகிறது. பிறகு என் தலையெழுத்து, பத்தொன்பது வருஷம் தினமும் காலையில் ஜன்னலைத் திறந்து, அந்தப் படத்துக்கு நான்தான் தூசி தட்டினேன். முதல் வருஷம் எரிச்சலாக இருந்தது. அப்புறம் எப்போது என்று சொல்லத் தெரியவில்லை, அதற்கு முன்னால் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார ஆரம்பித்தேன். அந்த மஞ்சளைப் பார்க்கும்போதெல்லாம் யாரோ கதவைக் கொஞ்சமாகத் திறந்து வைத்த மாதிரி இருக்கும். அதுல மீதின்னு ஒண்ணும் இல்ல பாப்பா. எல்லாம் முழுசா இருக்கு. எனக்குத்தான் அன்னிக்குப் பார்க்கத் தெரியல.

உனக்கும் மாப்பிள்ளைக்கும் எங்கள் ஆசிகள் எப்போதும் உண்டு. உடம்பைப் பார்த்துக்கொள்.

இப்படிக்கு,
உன் அண்ணன்

பி.கு.: அப்படி விதி ஒண்ணும் கிடையாது. மத்தவங்க எல்லாம் தபால்லதான் கையெழுத்துப் போட்டு அனுப்பினாங்க. டைப்பிஸ்ட் மேலயும் தப்பு இல்ல. இருபத்தொன்பதுக்கு மட்டும் அவ போன் பண்ணி, "சார், இந்தப் பேரு சரிதானா?"ன்னு கேட்டா. சரிதான்னு நான்தான் சொன்னேன். படிவம் இதோட வச்சிருக்கேன், ஆனா நீ நிரப்ப வேண்டாம். நீ ஒரு தடவ வந்துட்டுப் போ, அந்தப் பேரு தானா தப்பாயிடும்.