ஜிகினா அண்ணனும் மின்தூக்கிக்குள் மாட்டிய பிரியாணியும்

சிங்கப்பூரில் சூரியனுக்கு அடுத்தபடியாக மினுமினுத்தது எது என்று யாராவது கேட்டால் நான் யோசிக்கவே மாட்டேன். ஜிகினா அண்ணன்தான். மரினா பே கட்டடங்களெல்லாம் அவருக்குப் பிறகுதான்.

அடையாள அட்டையில் அவருக்கு வேறு பெயர் இருந்திருக்கும். யாரும் கேட்டதில்லை. வேலை, மின்தூக்கி பழுதுபார்ப்பது. மற்ற நேரமெல்லாம் கிளாம் ராக் பாடகர். அதாவது கையில் எலெக்ட்ரிக் கித்தார், முழங்கால் வரை பூட்ஸ், அதற்கடியில் ஒரு சாண் குதிகால், கண்ணுக்கு மை, கன்னத்தில் வெள்ளித் தூள். இத்தனையும் போட்டுக்கொண்டு, தானே எழுதிய தமிழ்ப் பாட்டைப் பாடுவார்.

தேக்கா சந்தை மாடியில் ஒரு துணிக்கடையில் நான் விற்பனைக்கு நின்ற காலம். ஒருநாள் மத்தியானம், எண்ணெய்க்கறைச் சீருடையில் ஆறடி ஆள் ஒருவர் வந்து வெள்ளி ஜிகினாத் துணி கேட்டார்.

“பாப்பாவுக்கு டான்ஸ் டிரெஸ்ஸாண்ணே?” என்றேன்.

“இல்லம்மா, எனக்குத்தான். பேன்ட் தைக்கணும். பளபளன்னு இருக்கணும், ஆனா வாஷிங் மெஷின்ல போட்டா தாங்கணும்.”

நான் சிரிக்கவில்லை. சிரிப்பை மறைக்கத் துணிக்கட்டுக்குப் பின்னால் குனிந்துவிட்டேன் என்பதுதான் சரி. நிமிர்ந்தபோது, அவர் துணியைத் தோளில் போட்டு, கண்ணாடி முன்னால் நின்று ஏதோ பாட்டை முனகிக்கொண்டிருந்தார். அந்தக் குரலைக் கேட்டதும் சிரிப்பு போன இடம் தெரியவில்லை. அன்றே ரசிகையாகிவிட்டேன். ரொம்ப நாள் வரை நான் ஒருத்திதான். ரசிகர் மன்றம் வைத்திருந்தால் தலைவி, செயலாளர், டீ வாங்கி வருபவர் எல்லாம் நானே.

நம் ஊர்ப் புழுக்கத்தில் வெள்ளித் தூள் கன்னத்தில் நிற்குமா? எம்ஆர்டி ரயில் ஏறும்போது முகத்தில் இருப்பது இறங்கும்போது சட்டைக் காலரில் இருக்கும். பக்கத்தில் உட்கார்ந்தவர் மேலும் கொஞ்சம் இருக்கும். ஒரு பெரியவர் அவரை உற்றுப் பார்த்துவிட்டு, “எந்த பேங்க் விளம்பரம் தம்பி?” என்று கேட்டார். பிறந்தநாள் விழா ஒன்றில் பிள்ளைகள் மேஜிக்காரர் என்று நினைத்து, முயலைத் தேடி அவர் கித்தார் பெட்டியைக் கவிழ்த்தார்கள். அவர் குடியிருந்த அடுக்குமாடி புளோக்குக் கீழே பயிற்சி செய்தால் ஆறு மாடி ஜன்னல்கள் ஒரே நேரத்தில் சாத்தப்படும்.

“விட்டுடலாம்லண்ணே?” என்று ஒருமுறை கேட்டேன்.

“ஜன்னலை சாத்துறாங்கன்னா கேக்குதுன்னு அர்த்தம்மா” என்றார்.

கடைசியில் கேலாங் பக்கம் ஒரு கலை நிகழ்ச்சியில் இடம் கிடைத்தது. நாலாவது மாடி அரங்கம். தொலைக்காட்சியிலிருந்து ஒருவர் புதுப் பாடகர்களைத் தேர்ந்தெடுக்க வருகிறார் என்று பேச்சு. ஏற்பாட்டுக் குழுத் தலைவர் ஒரே ஒரு நிபந்தனை போட்டார்: வேட்டி, ஜிப்பா.

“குரல் நல்லா இருக்கு தம்பி. அந்த வேஷம் மட்டும் வேணாம்.”

“சார், எனக்குக் குரல் பாதி, இது பாதி. பாதி ஆளா வந்து நிக்க முடியாது சார்.”

“அப்ப முழு ஆளா வீட்டுல இருங்க.”

ஆனாலும் பாடப்போகிறவர்கள் பட்டியலிலிருந்து அவர் பெயரை எடுக்கவில்லை. அண்ணன் ஜிப்பா வாங்கவில்லை. அன்றைக்கு வேலைக்கு லீவு போட்டு, தலை முதல் கால் வரை வெள்ளியாக வந்து இறங்கினார். துணைக்கு நான். கீழே மின்தூக்கி வரவேயில்லை. அந்தக் குதிகாலோடு நாலு மாடி ஏறினோம். நாலாவது மாடியில் மூடிய மின்தூக்கிக் கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல்: “யாராச்சும் இருக்கீங்களா! நான் சாப்பாட்டுக்காரன்!”

விழாவுக்குப் பிரியாணி சமைத்துக் கொண்டுவந்த பாய். சட்டியோடு உள்ளே மாட்டிக்கொண்டிருந்தார்.

அண்ணன் உடனே தன் கம்பெனிக்குப் போன் போட்டார். ஆள் கிளம்பிவிட்டது என்றார்கள். “நீங்களே திறக்கலாமேண்ணே?” என்றேன்.

“சாவி இல்லாம நெம்புனா ஆபத்தும்மா.”

“தம்பி, போயிடாதீங்க” என்றார் பாய். “இருட்டா இருக்கு. மூச்சு முட்டுது.”

“போகலை பாய். காத்து வரும், பயப்படாதீங்க. நான் இங்கதான் இருக்கேன்.”

அப்போது அரங்கத்திலிருந்து தலைவர் வெளியே வந்தார். அண்ணனை மேலிருந்து கீழ்வரை பார்த்துப் பெருமூச்சு விட்டார். “எப்படியோ போ. அடுத்தது நீதான். டிவிக்காரர் கிளம்பப் போறார், ஓடி வா.”

“பாய் உள்ள இருக்கார் சார்.”

“ஆள்தான் வருதே லா! இப்ப வரலைன்னா பேரை எடுத்துருவேன்.”

அண்ணன் அரங்கத்துக் கதவைப் பார்த்தார். மின்தூக்கிக் கதவைப் பார்த்தார். தோளிலிருந்த கித்தார் பெட்டியைக் கீழே இறக்கி வைத்தார்.

“எடுத்துருங்க சார்.”

கால் நீட்டித் தரையில் உட்கார்ந்தார். கையோடு கொண்டுவந்திருந்த, பேட்டரியில் ஓடும் சின்ன ஒலிபெருக்கியில் கித்தாரைச் சொருகினார். புளோக்கில் ஆறு மாடி ஜன்னலைச் சாத்த வைத்த அதே பாட்டை, கதவிடுக்கில் வாய் வைத்து, மெதுவாகப் பாட ஆரம்பித்தார். முதலில் உள்ளே விசும்பல். பிறகு அமைதி. பிறகு டங், டங் என்று ஒரு சத்தம். பாய் சட்டி மூடியில் தாளம் போடுகிறார்! அண்ணன் துள்ளி எழுந்து வேகத்தைக் கூட்டினார்.

இதற்குள் அரங்கத்தில் பசி வந்துவிட்டது. “பிரியாணி எங்கே?” என்று தேடிக்கொண்டு ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். வந்தவர்கள் திரும்பிப் போகவில்லை. மேடையில் பாடிக்கொண்டிருந்தவரே ஒரு கட்டத்தில் வந்து கைதட்டினார். டிவிக்காரர் மட்டும் பின்படி வழியாக முன்பே போய்விட்டிருந்தார்.

ஆள் வந்து கதவைத் திறந்ததும், இருட்டிலிருந்து வெளியே பார்த்த பாய்க்கு முதலில் தெரிந்தது ஆறடி உயர வெள்ளி முகம்.

“யா அல்லா, மவுத்தாயிட்டேனா!”

“இல்ல பாய். நாலாவது மாடி.”

இதையெல்லாம் யாரோ போனில் படம் எடுத்து இணையத்தில் போட்டிருக்கிறார்கள். அந்த வாரம் தமிழர், மலாய்க்காரர், சீனர் என்று பார்க்காத ஆள் இல்லை. டிவிக்காரரே போன் செய்து, “அதே டிரெஸ்ல வர முடியுமா?” என்று கேட்டார். தலைவர் இன்றுவரை, “நான்தான் அவனை வெளியே கொண்டுவந்தேன்” என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். மின்தூக்கிக்கு வெளியே நிறுத்திவிட்டுப் போனதைச் சொல்கிறார் போலிருக்கிறது.

போன மாதம் அண்ணன் மரினா பே நீர்முகப்பில் பெரிய மேடையில் பாடினார். கன்னத்தில் வெள்ளித் தூள் பூசிய பிள்ளைகள் கண்ணுக்கெட்டிய தூரம்வரை நின்றார்கள். முதல் வரிசையில் பாய் குடும்பத்தோடு. பாட்டு முடிந்து கூட்டம் இன்னும் கத்திக்கொண்டிருக்கும்போதே, மை கலைந்த முகத்தோடு தடுப்புக் கம்பி அருகே என்னைத் தேடி வந்தார்.

“எப்படிம்மா இருந்துச்சு? உண்மையைச் சொல்லு.”

அவ்வளவு சத்தத்துக்கு நடுவில், என் பதிலுக்காக நின்றார். வாயைத் திறந்தேன். ஒரு சொல்கூட வரவில்லை. கத்திக் கத்தி எனக்குத் தொண்டை கட்டிப்போயிருந்தது.