கிராதியில் இருபத்தேழு நிமிடம்

பாவமன்னிப்பின் விலை அந்தக் கோயில் பங்கில் எல்லாருக்கும் தெரியும். பொய்க்கு மூன்று 'அருள் நிறைந்த மரியே'. கோபத்துக்கு ஐந்து. குடித்துவிட்டு வந்து பாத்திரத்தை உருட்டினால் பத்து. அதற்கு மேற்பட்ட சரக்குக்குச் சாமியார் ஆளைப் பார்த்து விலை சொல்வார். ஆனால் முப்பதைத் தாண்டியதாகச் சரித்திரம் இல்லை. பேரம் கிடையாது, கடனும் கிடையாது. வாங்கிய இடத்திலேயே கட்டிவிட்டுப் போக வேண்டும்.

கட்டுகிற இடம்தான் தொல்லை. ஞாயிறு பூசைக்கு முன்னால் சாமியார் காதில் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்தவர்கள், பீடத்துக்கு முன்னால் இருக்கும் மரக் கிராதியில் போய் முழங்கால் படியிட்டுத்தான் பரிகார ஜெபம் சொல்ல வேண்டும். முதுகு முழுக்க ஊர். முதல் பெஞ்சில் தையல்காரர், கையில் கடிகாரம். அவர் கணக்கில் ஒரு ஜெபம் பதினைந்து விநாடி. ஆள் எழுந்ததும் வகுத்துப் பார்த்துவிடுவார். முடிவெட்டுகிறவர் ஒரு முறை ஆறு நிமிடம் எழுந்திருக்கவில்லை. அன்று சாயங்காலமே அவர் மனைவி வீட்டைத் துழாவி, சீட்டுக்கட்டைக் கண்டுபிடித்து அடுப்பில் போட்டுவிட்டாள்.

இப்படிப்பட்ட கிராதியில்தான் மளிகைக்கடைக்காரர் அந்த ஞாயிற்றுக்கிழமை மூன்றே மூன்று ஜெபத்தை முடித்துவிட்டு எழுந்திருக்கப் பார்த்தார். வலது முட்டி வரவில்லை.

மறுபடி முயன்றார். முட்டி பூட்டிக்கொண்டு, சாவியையும் எங்கேயோ போட்டுவிட்டதுபோல இருந்தது. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நாலு பேர் வந்து தூக்கிவிட்டிருப்பார்கள். ஆனால் ஐம்பத்திரண்டு வயதில், அத்தனை பேர் முன்னிலையில், அக்குளில் கை கொடுத்துத் தூக்கப்படுவதற்கு அவருக்குக் கூச்சம். கண்ணை மூடிக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் விட்டுவிடும் என்று நினைத்தார்.

விடவில்லை. மணி அடித்தது. ஊர் எழுந்து நின்று பாடியது. சாமியார் பவனியாக வந்து, அவரைச் சுற்றிக்கொண்டு பீடம் ஏறினார். முதல் வாசகம் முடிந்தது, இரண்டாம் வாசகம் முடிந்தது. நற்செய்தி வாசிக்கிற நேரத்தில் முட்டி தானாக 'டக்' என்று விட்டது. மளிகைக்கடைக்காரர் நொண்டிக்கொண்டே தன் இடத்துக்கு வந்தபோது, அந்த பெஞ்சில் இருந்தவர்கள் தேவைக்கு அதிகமாகவே நகர்ந்து இடம் விட்டார்கள்.

இருபத்தேழு நிமிடம். தையல்காரர் வகுத்தார். நூற்றெட்டு.

வீட்டுக்குப் போகிற வழியில் மனைவி நாலடி முன்னால் நடந்தாள். கதவைச் சாத்திய பிறகுதான் வாயைத் திறந்தாள்.

"யார் அவ?"

"எவ?"

"நூத்தியெட்டு சும்மா வருமா?"

முட்டி பிடித்துக்கொண்ட கதையை அவர் சொன்னார். கேட்பதற்கு அவருக்கே பொய்யாகத்தான் இருந்தது. தினமும் மாவு மூட்டையைச் சுமந்துகொண்டு கடைப் படி ஏறுகிற முட்டி அது.

"சத்தியமா மூணுதான் கொடுத்தார்."

"எதுக்கு மூணு?"

மளிகைக்கடைக்காரர் தரையைப் பார்த்தார். அதைச் சொல்லாமல் இருக்கத்தான் சாமியாரிடம் போய்ச் சொல்லியிருந்தார்.

"வியாழக்கிழமை உங்க அண்ணன் வீட்டுக்குக் கூப்பிட்டாங்கல்ல. தலை வலிக்குதுன்னு சொன்னேன்ல."

"வலிக்கலையா?"

"இல்ல."

நான் தைலம் வேறு தேய்த்துவிட்டேனே என்று மனைவி தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பிறகு நிமிர்ந்தாள்.

"சரி, அதுக்கு மூணு. மிச்சம் நூத்தியஞ்சு எதுக்கு?"

முட்டியை மறைக்கப் போய், இருந்த குற்றத்தையும் ஒப்புக்கொண்டு, இல்லாத குற்றத்துக்குக் கணக்குக் கேட்கிற நிலைமைக்கு வந்து சேர்ந்திருந்தார். திங்கட்கிழமை காலைக் காபி தண்ணீராக இருந்தது. திங்கட்கிழமைக் காபி எப்போதுமே கொஞ்சம் அப்படித்தான். ஆனாலும் அன்றைக்கு அது தனக்கென்றே போட்டதாக அவருக்குத் தோன்றியது. கடைசிச் சொட்டுவரை குடித்தார்.

கடை திறந்ததும் முதல் ஆளாகத் தையல்காரர் வந்தார். ஒரு கிலோ சர்க்கரை கேட்டார். வழக்கமாகத் தெருவைப் பார்த்துக்கொண்டு நிற்கிறவர், அன்று தராசைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"பார்த்துப் போடுங்க, முதலாளி," என்றார் மெதுவாக.

மளிகைக்கடைக்காரரின் காது சூடாகிவிட்டது. ஏனென்றால், விஷயம் இருந்தது. ஒரு கிலோ எடைக்கல்லின் அடியில், எடையைச் சரிக்கட்ட ஈயம் ஊற்றிய குழி ஒன்று இருக்கும். அவர் கடைக் கல்லின் குழியில் ஈயம் இல்லை. மெழுகை ஊற்றி மேலே கறுப்பு மை பூசியிருந்தது. கிலோவுக்கு ஐம்பது கிராம் குறை. அவர் செய்ததல்ல, அப்பா கடையை ஒப்படைத்தபோது தராசு, கல்லாப்பெட்டி, சாக்கு ஊசி இவற்றோடு அதுவும் சேர்ந்து வந்தது. அதனால் அதை அவர் ஒருநாளும் பாவக்கணக்கில் வைத்ததில்லை. கடைக்கணக்கில் வைத்திருந்தார். இருபது வருடமாக எத்தனையோ பொய்க்கும் கோபத்துக்கும் கிராதியில் முட்டி போட்டவருக்கு, அந்தக் கல் ஒரு தடவைகூட ஞாபகத்துக்கு வரவில்லை.

இப்போது வந்தது. கல்லை மாற்றலாம் என்றால், இத்தனை கண் பார்க்கையில் பளபளவென்று புதுக்கல் வைப்பது தானே தண்டோரா போட்டதுபோல் ஆகும். ஆகவே, தட்டு சமமான பிறகு கையை மூட்டைக்குள் விட்டு, ஒரு கைப்பிடி சர்க்கரையை அள்ளி மேலே போட்டார்.

தையல்காரர் கைப்பிடியைப் பார்த்தார். அவர் முகத்தைப் பார்த்தார். பொட்டலத்தை வாங்கிக்கொண்டு போனார்.

அடுத்து வந்தவருக்கும் ஒரு கைப்பிடி. ஒருவருக்குப் போட்டுவிட்டு இன்னொருவருக்குப் போடாமல் இருக்க முடியவில்லை. சாயங்காலத்துக்குள் ஊரில் பேச்சு பெண் விவகாரமா, தராசு விவகாரமா என்று இரண்டாகப் பிரிந்து, ராத்திரிச் சாப்பாட்டுக்குள் ஒன்றாகச் சேர்ந்துவிட்டது: சாமியார் ஈடுகட்டச் சொல்லியிருக்கிறார், இவர் கட்டிக்கொண்டிருக்கிறார். இதுவரை எதுவும் தெரியாதவர்கள்கூட இப்போது வீட்டுப் பொட்டலத்தைக் கையில் தூக்கிப் பார்த்தார்கள்.

புதன்கிழமை மளிகைக்கடைக்காரர் சாமியார் பங்களாவுக்குப் போனார். சாமியார் ரோஜாச் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"பூசை முடிவுல அறிவிப்பு வாசிப்பீங்கள்ல, ஃபாதர். அதோட ஒரு வரி. எனக்கு மூணுதான் கொடுத்தீங்கன்னு."

"எதுக்கு மூணு?"

"அதான் தலைவலிப் பொய், ஃபாதர்."

"நீங்க என்கிட்ட எதுவும் சொன்னதா நான் சொல்லக் கூடாது."

"சொல்ல வேண்டாம். வந்தேன், சின்ன விஷயம், அவ்வளவுதான்."

"வந்தீங்களான்னுகூடச் சொல்லக் கூடாது."

"அப்போ முட்டி பிடிச்சுக்கிச்சுன்னாவது சொல்லுங்க."

"முட்டியை நான் பார்க்கலையே," என்றார் சாமியார் வருத்தமாக.

தான் வாழ்நாளில் பார்த்த பூட்டுகளிலேயே கெட்டியான பூட்டு இந்தப் பாவசங்கீர்த்தன ரகசியம்தான் என்று மளிகைக்கடைக்காரர் நினைத்துக்கொண்டார். தேவைப்படுகிற அன்றைக்கு இவ்வளவு கெட்டியாக இருந்திருக்க வேண்டாம்.

திரும்பி வருகிறபோது அவருக்கு ஒரு வழி தோன்றியது. அடுத்த ஞாயிறும் போவது. சின்னதாக ஒரு பாவத்தைச் சொல்வது. ஊர் பார்க்கப் பார்க்கச் சட்டென்று எழுந்து வந்துவிடுவது. நீண்ட கணக்கைச் சின்னக் கணக்கால் அடிப்பது வியாபாரத்தில் நடக்காத காரியமா என்ன?

தையல்காரர் மேல் இருந்த எரிச்சலைச் சொன்னார், ஐந்து வாங்கினார், கிராதிக்குப் போனார். ஆனால் முட்டியின் நினைப்பு வந்துவிட்டது. மறுபடி பிடித்துக்கொண்டால் ஊரைவிட்டே போக வேண்டியதுதான். ஒன்றரை ஜெபத்தில், பாதி வாக்கியத்தில், துள்ளி எழுந்துவிட்டார். மிச்சத்தைப் பெஞ்சில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டார்.

இருபத்திரண்டு விநாடி. பூசை முடிந்து வெளியே வரும்போது முடிவு தயாராக இருந்தது. போன வாரம் நூற்றெட்டு கொடுத்தும் போதாமல், இந்த வாரம் சாமியார் மன்னிக்கவே மறுத்துவிட்டார். மனுஷன் முழங்காலை வைத்ததும் வைக்காததுமாக எழுந்து வந்துவிட்டான், பாவம்.

அந்த 'பாவம்'தான் அவரை அதிகமாகச் சுட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் பூசைக்குப் பிறகு ஒரு மணி நேரம் கடை திறப்பார். அன்று வந்தது பால்காரம்மா ஒருத்திதான். அவர் வீட்டுக்கும் பால் கொடுக்கிறவள், மாட்டுக்கொட்டகை வாசலில் டீயும் போட்டு விற்கிறவள், வாராவாரம் அந்த நேரத்துக்கு ஒரு கிலோ சர்க்கரை வாங்குவாள், இருபது வருடமாக. அவளுக்கும் ஒரு கைப்பிடி போட்டார். அவள் அந்தக் கைப்பிடியைப் பார்த்து முகம் சுளித்ததுபோல இருந்தது.

மறுநாள் திங்கட்கிழமைக் காபி கெட்டியாக இருந்தது. என்றைக்கும் இல்லாத கெட்டி. மனைவியின் மனம் இளகிவிட்டது என்று நினைத்து, அவர் டம்ளரை வைத்துவிட்டு, சிரித்தமாதிரி ஏதோ ஆரம்பித்தார். அவள் சிரிக்கவில்லை. நேரே கடைக்குள் வந்து தராசுப் பக்கம் நின்றாள்.

"வேற பொம்பளை இல்லைன்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு," என்றாள்.

"நான்தான் சொன்னேனே."

"அப்படி இருந்தா உங்க கை வீட்டுலதான் தாராளமா இருக்கும். தராசைத் தொடுறப்பதான் தாராளமாகுது."

ஒரு கிலோ கல்லை எடுத்தாள். திருப்பினாள். குழியில் நகத்தை வைத்துச் சுரண்டினாள். மை உரிந்து, நகக்கண்ணில் மெழுகு வந்தது.

"அப்பா காலத்துக் கல்லு," என்றார் அவர்.

"மாமா போய் எத்தனை வருஷம் ஆச்சு?"

"இருபது."

கல்லை இருந்த இடத்திலேயே, இருந்த மாதிரியே வைத்தாள். விரலைப் புடவையில் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். திட்டியிருந்தால் தேவலை. இத்தனை வருடம் தான் அளந்து கொண்டுவந்து போட்டதையெல்லாம் அவள் இப்போது மனதுக்குள் திரும்ப நிறுத்துப் பார்க்கிறாள் என்று அவருக்குத் தெரிந்தது. அந்த வாரம் முழுக்க அவர் தலை நிமிரவில்லை. வாங்க வந்தவர்களின் செருப்பைப் பார்த்தே ஆளைக் கண்டுபிடித்துச் சாமான் கட்டிக் கொடுத்தார்.

மூன்றாம் ஞாயிறு, சாமியாரின் காதில் கல்லைப் பற்றிச் சொன்னார். அப்பாவை இழுக்காமல் சொன்னார். அந்தப் பக்கம் நாற்காலி கிறீச்சிட்டது. நூற்றெட்டு இப்போதுதான் நிஜமாகவே வரப்போகிறது, முட்டிக்கு இன்றோடு முடிவு என்று அவர் நினைத்தார்.

"ஒரே ஒரு ஜெபம் சொல்லுங்க," என்றார் சாமியார். "கல்லை மாத்துங்க. யார்கிட்ட எடுத்தீங்களோ அவங்ககிட்டயே திருப்பிக் கொடுங்க."

கிராதியில் பதினைந்து விநாடி. தையல்காரர் கடிகாரத்தை எடுக்கக்கூட இல்லை. ஊர் வகுத்துப் பார்க்காத ஒரே பாவம் அந்த ஒன்றுதான்.

வீட்டுக்கு வந்து ஒரு தாள் எடுத்தார். யாரிடமிருந்து தொடங்குவது என்று யோசிக்கவே வேண்டியதில்லை; இருபது வருடத்தில் ஒரு வாரமும் தவறாமல் வாங்கியவள் பால்காரம்மாதான். வருடத்துக்கு ஐம்பத்திரண்டு வாரம், வாரத்துக்கு ஐம்பது கிராம், இருபது வருடம். ஐம்பத்திரண்டு கிலோ. ஒரு மூட்டைக்கு மேல். எழுத்தில் பார்த்த பிறகு இன்னொரு முறை பெருக்கிப் பார்த்தார். கிளம்புகையில் மனைவி பால் தூக்கை எடுத்துக்கொண்டு கூட வந்தாள். இந்தத் தடவை முன்னால் நடக்கவில்லை.

மாட்டுக்கொட்டகையில் பால்காரம்மா படி வைத்து அளந்துகொண்டிருந்தாள். அவர் தாளை நீட்டினார். அவளுக்குப் படிக்கத் தெரியாது என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது. ஆகவே வாயாலேயே சொல்ல வேண்டியதாயிற்று. மெழுகை, ஐம்பது கிராமை, இருபது வருடத்தை. மனைவி பக்கத்தில் நிற்க, மாடு அசை போட்டுக்கொண்டு பார்க்க, சொல்லி முடித்தார். நாளைக்கே மூட்டையாக இறக்கிவிடுகிறேன் என்றார்.

பால்காரம்மா படியைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு நிமிர்ந்தாள். அவள் முகத்தில் கோபம் இல்லை. கவலைதான் இருந்தது.

"மூட்டையெல்லாம் எதுக்குத் தம்பி? முதல் வாரமே வீட்டுல நிறுத்துப் பார்த்துட்டேன். அன்னையிலேருந்து நீங்க ஞாயித்துக்கிழமை எடுத்ததை நான் திங்கக்கிழமை உங்க வீட்டுப் பால்ல தண்ணியா ஊத்திட்டுதான் இருக்கேன்."

மனைவி கையிலிருந்த தூக்கு லேசாகச் சத்தம் போட்டது.

"நான் மட்டுமா? தையல்காரர் உங்க சட்டைத் துணியில எடுத்துக்குவார், முடிவெட்டுறவர் உங்களுக்கு மட்டும் பழைய பிளேடு போடுவார். நீங்க அன்னிக்குக் கிராதியை விட்டு எழுந்திரிக்கலைன்னதும், இவர் திருந்திட்டா நாமளும் திருந்தணுமேன்னு ஊரே நடுங்கிப்போச்சு. இருபது வருஷக் கணக்கு நேரா இருந்துச்சு தம்பி. போன வாரம் கைப்பிடி போட்டுக் கெடுத்துட்டீங்க. அதுல உங்க ஐம்பதைக் கழிச்சா, இப்போ நான் உங்களுக்கு ஒரு கரண்டி சர்க்கரை பாக்கி."