அபிநயாவின் பனிக்கு நான் போட்ட தறப்பாள்

ஒழுங்கான மனிதர்களைப் போல ஆபத்தானவர்கள் யாருமில்லை. என்னைத்தான் சொல்கிறேன். தினமும் நாட்குறிப்பு எழுதுகிறவன் நான். எழுதியதை மறுநாள் தொட்டுத் திருத்தமாட்டேன். பேனைகளைக்கூட உயர வரிசையில் அடுக்குவேன். (இந்தக் குணத்துக்கு என் மனைவி சாந்தி வைத்திருக்கும் பெயர் வேறு.)

மகள் அபிநயா பல்கலைக்கழகத்தில் துருவப் பனியை ஆராய்கிறாள். ஒருநாள் சாப்பாட்டு மேசையில் அவள் சொன்னதைக் கேட்டு எனக்குப் புல்லரித்துவிட்டது. தண்ணீரில் பாரம் கூடிய மூலக்கூறுகளும் குறைந்தவையும் உண்டாம். பனியில் அவை எந்த அளவில் கலந்திருக்கின்றன என்று பார்த்தால், அது உருவானபோது எவ்வளவு குளிர் என்று சொல்லிவிடலாமாம். வானம் எழுதிய நாட்குறிப்பு!

"பொறுங்கோ அப்பா, அவ்வளவு சிம்பிள் இல்லை. விழுந்த பிறகும் ஸ்நோ மாறும். காத்து அள்ளிக்கொண்டு போகும், வெயில் கொஞ்சத்தை ஆவியாக்கும், காத்தில இருக்கிற ஈரம் திரும்ப வந்து மேல படியும். குளிரைச் சொல்லுற அந்த சிக்னலும் சேர்ந்து மாறும். அதைத்தான் நான் ஸ்டடி பண்றன்."

"எழுதினதை ஆரோ அழிச்சு எழுதுறமாதிரியே?"

"ஓம், கிட்டத்தட்ட."

எனக்கு அது பெரிய அநியாயமாகப் பட்டது.

பனியை ஆராயக் கிறீன்லாந்து போகும் குழுவில் ஒரே ஓர் இடம்தான் இருந்தது. அது கிடைக்க, பனி மாறுவதைச் சரியாக அளக்கத் தெரியும் என்று அவள் பேராசிரியைக்குக் காட்ட வேண்டும். எங்கள் ஊரான மல்வேர்னில், வீட்டுப் பின்வளவில், புதிதாக விழுந்த பனியில் நான்கு குச்சிகள் நட்டு ஒரு சதுரம் அடையாளமிட்டாள். தினமும் காலையில் மேற்பரப்பில் கொஞ்சம் சுரண்டி எடுத்துக்கொண்டு பஸ் பிடிக்க ஓடுவாள்.

"அப்பா, இதில ஒண்டும் செய்யாதேங்கோ. ப்ளீஸ்."

"நான் என்னத்தைப் பிள்ளை செய்யப்போறன்?"

முதல் நாளே வெயில் எறித்தது. பிள்ளையின் பனி பழுதாகப் போகிறதே என்று பதறினேன். மழைக்கும் வெயிலுக்கும் மூடுகிற தறப்பாளை விரித்தால் தீராத பிரச்சினை உலகத்தில் இல்லை என்று நம்பும் தலைமுறை நான். கராஜில் நீலத் தறப்பாள் ஒன்று இருந்தது. அவள் போனதும் மூடினேன். அவள் இருட்டிய பிறகே வருவாள்; காலையில் எழும்புமுன் எடுத்துவிடுவேன். காற்றில் வந்து ஒட்டிய இலைத்துண்டுகளைச் சாந்தியின் புருவம் பிடுங்கும் சாமணத்தால் பொறுக்கினேன். (பிறகு சொல்லி ஆச்சரியப்படுத்தலாம் என்று வேறு நினைத்திருந்தேன்.)

ஆய்வுகூட முடிவுகள் வந்த அன்று, சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் அவள் உள்ளே ஓடிவந்தாள்.

"அம்மா! அப்பா! என்ர ஸ்நோ மாறவே இல்லை! இப்பிடி நடக்கவே கூடாது. திஸ் இஸ் ஹியூஜ்! நாளைக்கு புரொபெசருக்குக் காட்டப்போறன்!"

சாந்தி கேசரி கிண்டத் தொடங்கிவிட்டாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

"எப்பிடிப் பிள்ளை மாறும்? அப்பா தறப்பாள் எல்லோ போட்டு வைச்சனான்!"

அடுப்படியில் அகப்பைச் சத்தம் நின்றது.

"வாட்?"

"நீலத் தறப்பாள். ஒரு பொட்டு வெயில் படவிடேல்லை."

அபிநயா படிக்கட்டில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "அப்பா... மாறுறதைத்தான் நான் அளக்கிறன். நீங்கள் அதை நிப்பாட்டிப்போட்டீங்கள்."

"இஞ்சாருங்கோ, உங்களுக்கென்ன விசரே?" என்று சாந்தி அகப்பையோடு வந்தாள்.

அன்றே மகள் பேராசிரியைக்குப் போன் எடுத்து நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள். கிறீன்லாந்தை நான்தான் பறித்துவிட்டேன் என்று சுவரோடு ஒட்டி நின்றேன். ஸ்பீக்கரில் பேராசிரியையின் பெரிய சிரிப்பு கேட்டது.

"உன் அப்பா கிறீன்லாந்துக்கு வருவாரா?"

"இல்லை."

"அப்படியென்றால் அடுத்த பனியில் திரும்பத் தொடங்கு. அதுவரை யாரையும் தெரிவு செய்யமாட்டேன்."

அடுத்த பனி விழுந்ததும் பின்கதவைப் பூட்டித் திறப்பைச் சாந்தி தன் கையில் வைத்துக்கொண்டாள். பனி மாறியது. ஆசைதீர மாறியது! அபிநயாவுக்கு இடம் கிடைத்தது. வெளியே பனி கொட்டினால் சாந்தியின் தம்பி இன்றும் போன் எடுத்து, "அத்தான், தறப்பாள் போட்டாச்சே?" என்று கேட்கிறான்.

இப்போது அபிநயா கிறீன்லாந்தில் இருக்கிறாள். நேற்று ஒரு படம் அனுப்பினாள். கண்ணுக்கெட்டிய தூரம் வெள்ளை. நடுவே கயிறு கட்டிய ஒரு சதுரம். பக்கத்தில் ஒரு பலகை. அதில் தமிழில் எழுதியிருந்தாள்: "அப்பாவுக்கு அனுமதி இல்லை."

கூட இருப்பவர்கள் அதைக் கரடி பற்றிய எச்சரிக்கை என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்களாம். அவள் மறுக்கவில்லையாம்.