மாஸ்டருக்கு நான் நட்ட தூபி

அழகாக இருக்கிறது என்பதற்காக மட்டும் ஓர் அடையாளத்தைத் தாளில் வைப்பவன் ஒருநாள் மாட்டுவான். நான் மாட்டியபோது எனக்கு இருபத்தாறு வயது. அதற்குள் ஓர் ஆளையும் சாகடித்திருந்தேன்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. நாங்கள் புலம்பெயர்ந்து வந்த நகரத்தில், ஒனிஹங்கா பகுதியில் ஒரு சின்ன அச்சகத்தில் பக்கம் வடிவமைக்கும் வேலை. (வேலை என்பது பெருமைக்கு. பாதி நேரம் ஜன்னல்தான்.) காலையில் மூடுபனி விலகும்போது வன் ட்ரீ ஹில் என்ற குன்றின் உச்சியில் நிற்கும் கல்தூண் மட்டும் முதலில் தெரியும், மலையே இல்லாமல் ஆகாயத்தில் நட்டுவிட்டதுபோல. அதைப் பார்த்தபடி ரெஜினாவை நினைத்துக்கொண்டிருப்பேன்.

எங்கள் கோயில் பாடகர் குழுவை நடத்திய சூசைப்பிள்ளை மாஸ்டரின் மகள் அவள். எங்களுக்கு இரண்டு தெரு தள்ளி இருந்த குடும்பம் அந்த மாதம்தான் நகரத்தின் மறுகோடியில் ஹென்டர்சனுக்கு வீடு மாறிப் போயிருந்தது. அவள் காலையில் நிற்கும் பஸ் தரிப்பு வெறிச்சோடிக் கிடந்தது.

அந்தத் துக்கத்தில் கோயில் ஆண்டு மலர் என் கைக்கு வந்தது. பெயர்ப் பட்டியலில் முகவரி மாறியவர் மாஸ்டர் ஒருவர்தான். அடிக்குறிப்புப் போட அவர் பெயருக்குப் பக்கத்தில் ஓர் அடையாளம் வேண்டும். கணினியில் தேடினேன். சிலுவை மாதிரி ஒன்று அகப்பட்டது: †. கோயில் மலருக்கு இதைவிட என்ன பொருத்தம்? வைத்தேன். அடிக்குறிப்பாக "முகவரி மாற்றம்" என்று எழுதியிருக்கலாம். ரெஜினாவை நினைத்து, "எங்களைத் தவிக்கவிட்டு நல்லதோர் இடத்துக்குப் போய்விட்டார்" என்று எழுதினேன்.

மலர் டொரொண்டோவரை தபாலில் போனது.

மூன்றாம் ஞாயிறு, பூசை முடிந்து வந்த என்னை மாஸ்டர் வாசலில் மறித்தார்.

"தம்பி, நான் எப்ப செத்தனான்?"

நான் அவரைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தேன்.

"டொரொண்டோவில என்ர தம்பி எனக்குப் பூசை ஒப்புக்குடுத்து, இருபது பேருக்குச் சாப்பாடும் போட்டிட்டான். என்ர மனிசிக்கு ஆறுதல் சொல்ல எண்டு ரெலிபோன் எடுத்தவன், என்ர குரலைக் கேட்டுக் கத்திப்போட்டு வைச்சிட்டான்!"

மறுநாள் அச்சக முதலாளியிடம் கேட்டேன். வெள்ளைக்காரக் கிழவர், தேநீரிலிருந்து தலையை நிமிர்த்தாமலே சொன்னார்: அந்தக் குறியின் பெயர் ஒபெலிஸ்க். மலையில் நிற்கும் தூணுக்கும் அதே பெயர்தான். சொல்லுக்குப் பக்கத்தில் நின்றால் அடிக்குறிப்பு. ஆளின் பெயருக்குப் பக்கத்தில் நின்றால் ஆள் இல்லை.

ரெஜினா இனி இந்த ஜென்மத்தில் எனக்குக் கிடைக்கமாட்டாள் என்று முடிவுகட்டிக்கொண்டு, மன்னிப்புக் கேட்க ஹென்டர்சனுக்கு பஸ் ஏறினேன். தூண், அடிக்குறிப்பு எல்லாவற்றையும் நாக்குழற விளக்கினேன். மாஸ்டர் பொறுமையாகக் கேட்டார்.

"ஓம், குறி பிழைச்சுப்போச்சு, விளங்குது. ஆனா நான் வீடு மாறினதுக்கு நீர் ஏன் தவிச்சனீர்?"

என் கண் தன்பாட்டில், பாத்திரச் சத்தம் கேட்ட குசினிப் பக்கம் போனது. அங்கே யாரோ சிரிப்பை அடக்கமுடியாமல் இருமினார்கள். மாஸ்டர் குசினியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"இரும். தேத்தண்ணி குடிச்சிட்டுப் போம்," என்றார்.

அடுத்த வருடம் எங்களுக்குக் கல்யாணம். அழைப்பிதழை மட்டும் வேறு அச்சகத்தில் அடித்தார்கள். இன்றைக்கும் வாழ்த்து அட்டையில் யாருடைய பெயரையாவது எழுத நான் பேனாவைத் திறந்தால், ரெஜினா சொல்லுவாள்:

"ஆள் இருக்கிறாரோ எண்டு கேட்டிட்டு எழுதுங்கோ. எழுதினாப் பிறகும் ஒருக்காக் கேளுங்கோ."